பேட்டர்ன் யார் உடம்புக்கு? புதிய தையல் மாதிரிகளைச் சோதிப்பது பற்றி மாசாயிலிருந்து ஓர் ஆய்வு

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள மாசாய் வட்டாரத்தில் வீட்டோடு தையல் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஆர்டர் நிறைந்துவிடுகிறது. சேலை ரவிக்கை, பஞ்சாபி சூட், பாஜு கூரோங், பள்ளிப் பினஃபோர் ஆகிய நான்குக்கும் அவர்கள் கையில் பழகிய வெட்டு இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று சில ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி டாப்ஸ் வேண்டும், இதே மாதிரி கவுன் வேண்டும்" என்று கேட்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பழகிய வெட்டு கிடையாது. அதற்காகத்தான் பேட்டர்னைத் தேடுகிறார்கள். வெளிநாட்டில் யாரோ வரைந்து விற்பதை வாங்கி வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்டு ஒட்டுகிறார்கள், அல்லது படத்தைப் பார்த்துத் தாங்களே பிரவுன் பேப்பரில் வரைகிறார்கள்.

இரண்டிலும் ஒரே கேள்விதான் நிற்கிறது. நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் இந்தப் பேட்டர்ன் சரியாக வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை எந்த உடம்பில், எந்தத் துணியில், யார் செலவில் சோதிப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் இதுவரை கண்டிருக்கும் விடைகளை வரிசைப்படுத்தி, மாசாயில் தைப்பவருக்கு அவற்றில் எது உதவும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இங்கே சோதனைக்குப் பஞ்சமில்லை, பதிவுக்குத்தான் பஞ்சம். அச்சிட்டு வரும் பேட்டர்னில் பதிவு உண்டு. ஆனால் அது சோதிக்கப்பட்ட உடம்பு வேறு.

ஒரே ஊரில் மூன்று வெட்டு முறைகள்

சோதனை எவ்வளவு வேண்டும் என்பதை உடையின் வெட்டுதான் தீர்மானிக்கிறது. இதற்கு மாசாயைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. முற்றிலும் வேறான மூன்று தையல் மரபுகள் இங்கே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நடக்கின்றன.

முதலாவது ஜொகூரின் சொந்த உடையான தெலுக் பெலாங்கா வகைப் பாஜு கூரோங். 1866-ல் தஞ்சோங் புத்ரி என்ற ஊர் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றம் பெற்றது. ஜொகூரின் தலைநகர் சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து அங்கே வந்ததன் நினைவாக, பின்னாளில் சுல்தானான அபு பக்கர் இந்த உடையை வகுத்தார் என்பது ஜொகூரில் வழங்கும் வரலாறு. அதன் வெட்டு பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனது. உடல் பகுதிக்கு நீண்ட செவ்வகம், பக்கங்களில் கீழே விரிந்து போகும் பெசாக், கைக்குச் செவ்வகத் துண்டு, அக்குளில் கெக்கெக் என்னும் சதுரத் துண்டு. மார்புக்கு டாட் கிடையாது. உடம்பை ஒட்டாமல் தாராளமாக நிற்பதால் மார்பளவில் சில அங்குலம் தவறினாலும் உடை கெடாது. கெக்கெக் இருப்பதால் கையைத் தூக்கினாலும் இழுக்காது. கை நீளம், உடல் நீளம், இடுப்புச் சுற்று மூன்றும் சரியாக இருந்தால் போதும். கழுத்தோரத்தில் வரும் துலாங் பெலுட் தையலில்தான் தைப்பவரின் திறமை தெரியும். பொருத்தத்தை அந்த வெட்டே பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது சேலை ரவிக்கை. அது நேர் எதிரான முனை. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் கையைத் தூக்கினால் மேலேறக் கூடாது. லூசிங், அதாவது உடம்பளவுக்கு மேல் விடும் தளர்வு, மிகக் குறைவு. நான்கு டாட், கிராஸ் கட், கட்டோரி, பிரின்சஸ் கட் என்று அதில் வகை பெருகியதற்குக் காரணமே மார்பின் வடிவத்தை எப்படியாவது துணிக்குள் கொண்டுவர வேண்டியிருந்ததுதான். இங்கே தையல்காரர் கண்டுபிடித்த சோதனைக் கருவிகள் இரண்டு. ஒன்று அளவு ரவிக்கை. ஏற்கெனவே நன்றாகப் பொருந்திய ஒன்றை வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுக்கிறார். அதாவது முடிந்துபோன ஒரு சோதனையின் முடிவைத் துணியாகவே கையில் தருகிறார். மற்றொன்று பக்கத் தையலுக்கு உள்ளே விடும் கூடுதல் துணி. ஓர் அங்குலத்துக்கு மேல் விட்டு, இரண்டு மூன்று வரித் தையல் போட்டுவைத்தால் உடம்பு பெருத்தால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். உடை தன் திருத்தத்தைத் தன்னோடு சுமக்கிறது.

மூன்றாவது மேற்கத்திய வழி வந்த கவுனும் டாப்ஸும். இவை இரண்டு முனைகளுக்கும் நடுவே நிற்பதால்தான் தொல்லை. பாஜு கூரோங்கின் தாராளம் இவற்றுக்கு இல்லை. ரவிக்கையின் உள்துணியும் இல்லை. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பேட்டர்ன்களில் தையலுக்கு விடுவது 1.5 செ.மீ. மட்டுமே, சிறு வடிவமைப்பாளர்கள் பலர் 1 செ.மீ. விடுகிறார்கள். கழுத்துக்கு ஃபேசிங், முதுகில் ஜிப், இடுப்பில் இணைப்பு என்று ஒன்றோடொன்று பூட்டிய அமைப்பு. ஓர் இடத்தில் பிரித்தால் நான்கு இடம் கலையும். ஆகவே திருத்த வேண்டியதைத் துணிக்கு வரும் முன் தாளிலேயே திருத்தியாக வேண்டும். பேட்டர்ன் சோதனை என்ற தனி வேலை பிறந்தது இந்த மூன்றாவது மரபில்தான்.

தாள் வந்த வழி

துணியில் வெட்டும் வடிவத்தைத் தாளில் அச்சிடும் வழக்கம் பழையது. ஸ்பானிய நாட்டு ஹுவான் தே அல்செகா 1580-ல் மத்ரித்தில் வெளியிட்ட தையல் நூலில் உடைகளின் வெட்டு வரைபடங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் நோக்கம் துணியை வீணாக்காமல் வெட்டுவது. யாருக்குப் பொருந்தும் என்பதைத் தையற்காரரின் கைக்கு விட்டுவிட்டார்கள்.

வீட்டுப் பெண்களின் கைக்கு அளவு வாரியான தாள் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். அதற்குப் 12 ஆண்டுகள் கழித்து, 1863-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் மெல்லிய தாளில் வெவ்வேறு அளவுகளில் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் கிடைத்தவை பெரும்பாலும் ஒரே அளவு. வாங்கியவரே பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். 1870-ல் மெக்கால், 1927-ல் சிம்ப்ளிசிட்டி என்று நிறுவனங்கள் பெருகின. ஜெர்மனியில் ஏனே புர்டா 1950-ல் தொடங்கிய இதழ் 1952 முதல் பேட்டர்ன் தாளை உள்ளே வைத்தே வந்தது.

பட்டரிக்கின் காலத்திலிருந்து இன்றுவரை வேலையின் அடிப்படை மாறவில்லை. ஒரு நடு அளவை எடுத்து வரைவார்கள். அந்த அளவுள்ள மாடல் ஒருவருக்குத் தைத்துப் பார்த்துத் திருத்துவார்கள். பிறகு கிரேடிங் விதிப்படி மேலும் கீழும் மற்ற அளவுகளைப் பெருக்குவார்கள். இதில் முழுச் சோதனை நடப்பது நடு அளவுக்கு மட்டும்தான். மற்றவையெல்லாம் கணக்கு. அந்த நடு உடம்பு எப்படிப்பட்டது என்பதுதான் வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது. அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் பி கப் மார்பை அடிப்படையாக வைக்கின்றன. புர்டாவின் வழக்கமான அளவுகள் 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு வரையப்படுகின்றன.

2009-க்குப் பிறகு இணையம் வழியே பேட்டர்ன் விற்கும் சிறு வடிவமைப்பாளர்கள் பெருகினார்கள். அவர்களில் சிலர் செய்த நல்ல காரியம், தங்கள் நடு உடம்பை வெளிப்படையாகச் சொன்னது. கனடாவின் சூஹாலிக் இடுப்புக்குக் கீழ் அகன்ற உடலுக்கு என்று அறிவித்து வரைந்தது. அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய காஷ்மரெட் பெரிய மார்புள்ள பெண்களுக்கென ஒவ்வொரு அளவிலும் தனித்தனிக் கப் அளவுகளைக் கொடுத்தது. "எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒருவருக்கு வரைவதைவிட, "இன்னாருக்கு" என்று சொல்லி வரைவது நேர்மை. சோதிப்பவருக்கும் அது எளிது.

உடம்பின் கணக்கு

அளவு அட்டவணை எங்கிருந்து வருகிறது? பெண்களின் உடல் அளவைப் பெரிய எண்ணிக்கையில் எடுக்கும் முயற்சி 1939-40-ல் அமெரிக்க வேளாண் துறையின் கீழ் நடந்தது. ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்து 1941-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆடைக்காகவும் பேட்டர்னுக்காகவும் என்று சொல்லியே எடுத்த அளவு அது. கணக்கில் சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அந்தத் தரவைத் தழுவி 1958-ல் ஒரு வணிகத் தர அளவு வந்தது. நிறுவனங்கள் மெல்ல மெல்ல அதைக் கைவிட, 1983-ல் அரசும் அதை விலக்கிக்கொண்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் அட்டவணையைத் தானே வைத்துக்கொள்கிறது. உடலை எங்கே, எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு 2017-ல் சர்வதேச தர நிறுவனம் திருத்தி வெளியிட்ட ஐஎஸ்ஓ 8559 வரையறைகள் உண்டு. அளக்கும் முறை பொதுவாகிவிட்டது, அளக்கப்பட்ட உடம்புகள் பொதுவாகவில்லை.

இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயதுவரை உள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை மேற்கொண்டது. அதற்குத் தேர்ந்த நகரங்கள் டில்லி, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தமிழ்நாட்டின் நகரம் எதுவும் அந்த ஆறில் இல்லை. ஆக, தமிழ்ப் பெண்ணின் உடலை நேரே சொல்லும் பெரிய அட்டவணை ஒன்றைத் தேடுபவர் இன்னும் அண்டை வீட்டு அட்டவணையைத்தான் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை உயரத்தில் எளிதாகப் பார்க்கலாம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. என்று தேசியக் குடும்ப நல ஆய்வுகள் காட்டுகின்றன. புர்டாவின் 168-க்கும் அதற்கும் இடையே 16 செ.மீ. இடைவெளி. பலர் இந்த நீளத்தை முழுக்க அடிமடிப்பில் கழித்துவிடுகிறார்கள். உயரக் குறைவு காலில் மட்டும் இருப்பதில்லை. ஷோல்டரிலிருந்து மார்பு உச்சிக்கு, மார்பிலிருந்து இடுப்புக்கு, ஆர்ம்ஹோலின் ஆழத்துக்கு, முழங்கைக்கு என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து கிடக்கிறது. அடியில் மட்டும் வெட்டினால் கவுனின் இடுப்புத் தையல் இடுப்புக்குக் கீழே இறங்கி உட்காரும். டாட்டின் நுனி மார்பு உச்சிக்குக் கீழே நிற்கும். தாளில் "நீட்ட அல்லது குறைக்க" என்று குறித்த கோடு உடல் பகுதியில் ஒன்று, கீழ்ப்பகுதியில் ஒன்று எனத் தனித்தனியே இருப்பது இதற்காகத்தான். சோதனையின் முதல் பயன் இந்த 16 செ.மீ. எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

மார்பு விஷயம் இன்னும் நுட்பமானது. அக்குளை ஒட்டி மேலே எடுக்கும் மேல்மார்பு அளவுக்கும், உச்சியில் எடுக்கும் முழுமார்பு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 2 அங்குலம் என்று வைத்தே பி கப் பேட்டர்ன் வரையப்படுகிறது. ஒருவருக்கு முழுமார்பு 40, மேல்மார்பு 36 என்று வைத்துக்கொள்வோம். 40-ஐப் பார்த்துத் தாள் எடுத்தால் அதன் ஷோல்டரும் கழுத்தும் மேல்மார்பு 38 உள்ளவருக்கு வரைந்தவை. கழுத்து விலகி, கை தோளுக்குக் கீழே தொங்கும். 38 அளவுத் தாளை எடுத்து மார்பில் மட்டும் 2 அங்குலம் கூட்டுவதே சரி. "ரெடிமேட் எதுவும் எனக்குத் தோளில் நிற்காது" என்று சொல்லும் பெண்களில் பலருக்குக் குறை தோளில் இல்லை. அளவைத் தேர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

வாய்பாடு உடையும் இடம்

பேட்டர்ன் வாங்காமல் வாய்பாட்டால் வரைபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ரவிக்கைக்கும் டாப்ஸுக்கும் கழுத்து அகலத்தை மார்பளவில் 12-இல் ஒரு பங்கு என்று வைப்பது பரவலான வழக்கம். மார்பு 36 என்றால் நடுவிலிருந்து 3 அங்குலம். 32 முதல் 38 வரை இது பழுதில்லாமல் வேலை செய்கிறது. 48-க்கு வரும்போது 4 அங்குலம் ஆகிவிடும். மார்பு பெருத்த அளவுக்குக் கழுத்தெலும்பு விரிவதில்லை. ரவிக்கை தோளை விட்டு நழுவுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

டோக்கியோவின் புங்கா ஃபேஷன் கல்லூரி வகுத்த அடிப்படை வரைவு இதற்கு வேறு வழி கண்டது. முன்கழுத்தின் அரை அகலம் மார்பளவில் 24-இல் ஒரு பங்கோடு 3.4 செ.மீ. கூட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மார்பு 81 செ.மீ. என்றால் நம் வாய்பாடு 6.75 செ.மீ. தருகிறது, புங்கா 6.8 தருகிறது. வித்தியாசமே இல்லை. மார்பு 122 செ.மீ. என்றால் நம்முடையது 10.2, புங்காவினது 8.5. ஒரு பக்கத்துக்கு 1.7 செ.மீ., இரு பக்கமும் சேர்ந்து 3.4 செ.மீ. வேறுபாடு. மாறாத ஒரு பகுதியும் மாறும் ஒரு பகுதியும் சேர்ந்த வாய்பாடு, அளவு கூடக்கூட நிதானமாக வளர்கிறது.

இதிலிருந்து சோதனைக்கு ஒரு விதி கிடைக்கிறது. நடு அளவில் சரியாக வந்தது என்பதற்காக ஒரு பேட்டர்னை நம்பக் கூடாது. கோணல் தெரிவது ஓரங்களில். மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் தைத்துப் பார்த்தால், நடுவில் உள்ளவற்றின் தவறும் சேர்ந்து வெளியே வரும். பெரிய அளவுகளுக்குத் தனியே இன்னொரு அடிப்படை வரைவு வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் இந்த அனுபவத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள்.

சோதனையின் படிகள்

முதற்படி தாளோடு முடிவது. செலவே இல்லாத இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பிரிண்டரில் அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு தானாக இருந்தால் படம் சுருங்கும். அமெரிக்கத் தாள் 216-க்கு 279 மி.மீ., நம் ஏ4 210-க்கு 297. அங்கிருந்து வரும் கோப்பை இங்கே அப்படியே அச்சிட்டால் இந்தத் தவறு எளிதில் நேரும். தாளில் உள்ள 10 செ.மீ. சோதனைச் சதுரம் 9.7 என்று வந்தால், 100 செ.மீ. வரவேண்டிய மார்புச் சுற்று 97-ல் நின்றுவிடும். லூசிங்கில் மூன்று செ.மீ. போனதற்கு உடம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

அச்சு சரியென்றால், இணைய வேண்டிய ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று நடத்திப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தின் பக்கத்தையலும் பின்பக்கத்தினதும் ஒரே நீளமா? டாட்டை மடித்த பின்னும் அப்படியேவா? கையின் மேல்வளைவு ஆர்ம்ஹோலைவிட எவ்வளவு அதிகம்? பொருத்திய கை உள்ள நெய்த துணிக்கு 2 முதல் 4 செ.மீ. வரை அதிகம் இருந்தால் சுருக்கம் தெரியாமல் அமர்த்தலாம். அதற்கு மேல் போனால் பஃப் கையாகிவிடும்.

இரண்டாம் படி டிரையல், அதாவது மலிவான துணியில் தைத்துப் பார்ப்பது. அதற்குத் தமிழ்நாட்டில் காடாத் துணி, இங்கே பெலாச்சு. நேர்நூல் கோட்டையும் மார்பு, இடுப்புக் கோடுகளையும் பென்சிலால் வரைந்து, ஃபேசிங், ஜிப் இல்லாமல் நீளத் தையல் போட்டு உடுத்திப் பார்ப்பது. இங்கே தவறாமல் பேசுபவை சுருக்கங்கள். அவை எந்த இடத்தை நோக்கி இழுக்கின்றனவோ அங்கேதான் துணி போதவில்லை. மார்பை நோக்கிச் சாய்வாக ஓடினால் மார்புக்கு இடம் வேண்டும். முன்பக்கம் அடி மேலேறி நின்றால் அங்கே நீளம் வேண்டும். ஆர்ம்ஹோல் முன்புறம் வாய் பிளந்தால் அந்த மிகுதியை டாட்டுக்கு மாற்ற வேண்டும். லூசிங் எவ்வளவு என்பதற்கு அமெரிக்க நிறுவனங்கள் வைத்திருக்கும் பகுப்பு உதவும். மார்பில் 7 செ.மீ. வரை ஒட்டிய உடை, 7.5 முதல் 10 வரை பொருத்தமான உடை, 12.5 வரை ஓரளவு தளர்ந்தது, 20 வரை தளர்ந்தது, அதற்கும் மேலே மிகத் தளர்ந்தது. ரவிக்கை பழகிய கைக்கு 10 செ.மீ. என்பது தாராளமாகத் தோன்றும். பாஜு கூரோங் பழகிய வாடிக்கையாளருக்கு அதுவே இறுக்கமாகத் தோன்றும். இதைத் தைப்பவரும் உடுத்துபவரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பெலாச்சுவுக்கும் ஒரு குறை உண்டு. அது விறைப்பான பருத்தி. ரயானிலோ மெல்லிய கிரேப்பிலோ தைக்கப்போகும் கவுனைப் பெலாச்சில் பார்த்தால், பொருத்தம் தெரியும், தொங்கல் தெரியாது. அதற்குப் பழைய சேலை நல்ல டிரையல் துணி. கிராஸில் வெட்டிய கீழ்ப்பகுதி என்றால் ஒரு நாள் தொங்கவிட்ட பிறகுதான் அடி மடிக்க வேண்டும்.

மூன்றாம் படி உடுத்திப் பார்ப்பது. நிலைக்கண்ணாடி முன் நிற்பது போதாது. மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, பாலம் கடந்து சிங்கப்பூருக்கோ மோட்டார் சைக்கிளில் போகும் பெண் கைகளை முன்னே நீட்டி மணிக்கணக்கில் உட்காருகிறாள். அந்த நிலையில் முதுகின் அகலம் போதாத டாப்ஸ் ஆர்ம்ஹோலில் கிழிய ஆரம்பிக்கும். கோயிலில் தரையில் உட்காருவது, குழந்தையைத் தூக்குவது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிப்பது எல்லாமே சோதனைகள். ஆண்டு முழுக்க வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில், குளிர்நாட்டில் வசதியாக இருந்த லூசிங் இங்கே வியர்வையில் உடம்போடு ஒட்டும். ஒரே பேட்டர்னுக்கு ஆர்ம்ஹோலைச் சற்று இறக்கிப் பார்ப்பது இவ்வூருக்கான தனிச் சோதனை.

நான்காவது துவைப்பு. வெட்டும் முன் அரை மீட்டர் சதுரத் துண்டைத் துவைத்துக் காயவைத்து அளந்தால் சுருக்கம் தெரிந்துவிடும். 100 செ.மீ. நீளத்தில் 3 விழுக்காடு சுருங்கினாலே 3 செ.மீ. போகும். அப்புறம் பேட்டர்னில் குறை தேடுவது வீண்.

ஐந்தாவது விளக்கக் குறிப்பு. இதை வரைந்தவரே சோதிக்க முடியாது, அவருக்குத்தான் விடை தெரியுமே. முதன்முறை பார்ப்பவர், எழுதியதை எழுதியபடி செய்து, எங்கே நின்றுபோனார் என்று சொல்ல வேண்டும். அனுபவமுள்ள தையற்காரர் குறிப்பைப் படிக்காமலே தைத்துவிடுவார். அவர் இந்தப் படிக்கு ஆகாத சோதனையாளர். ஆங்கிலக் குறிப்பைப் படத்தை வைத்து ஊகித்துத் தைக்கும் பெண்கள் நிறைய இருக்கும் ஊரில், தமிழிலோ மலாயிலோ எழுதிய ஒரு பக்கக் குறிப்பு பாதித் தவறுகளைத் தவிர்க்கும்.

சோதிப்பவரின் உழைப்பு

சிறு வடிவமைப்பாளர்கள் மேலே சொன்ன படிகளில் பலவற்றைத் தன்னார்வலர்களிடம் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அளவு வாரியாக ஆள் சேர்த்து, கோப்பை இலவசமாகக் கொடுத்து, சில வாரக் கெடு வைத்து, படமும் கருத்தும் கேட்கிறார்கள். ஒரே வடிவமைப்பாளர் ஒருபோதும் எட்ட முடியாத பலவகை உடம்புகள் இதனால் சோதனைக்குள் வருகின்றன. இம்முறையின் பெரிய நன்மை அது.

ஆனால் துணி, நூல், நேரம் எல்லாம் சோதிப்பவருடையது. கிடைப்பது ஒரு கோப்பு. கெடு குறுகியது என்பதால் டிரையல் போடாமல் நேரே நல்ல துணியில் தைக்கிறார்கள்; தைத்ததை வெளியீட்டு நாளில் அழகாகப் படமெடுத்துப் போடவும் வேண்டியிருக்கிறது. அப்போது அது சோதனையா, விளம்பரமா என்ற கேள்வி எழுகிறது. "எனக்குப் பிடித்திருக்கிறது" என்ற கருத்தால் பேட்டர்ன் திருந்தாது, "என் மேல்மார்பு இவ்வளவு, முன்பக்கம் இத்தனை செ.மீ. குறைந்தது" என்ற கருத்தால் திருந்தும். சோதனையாளருக்குக் கூலியோ துணிச் செலவோ கொடுக்க வேண்டும் என்று சில ஆண்டுகளாக எழும் குரல் நியாயமானது. கூலி வாங்கியவரிடம் டிரையல் படத்தையும் முடிந்த அளவையும் உரிமையோடு கேட்கலாம்.

மாசாயில் இந்த உழைப்பு வேறு உருவில் நடக்கிறது. முதல் ஆர்டரில் பிசகினால் தைப்பவரே தன் நேரத்தில் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறார். சோதனைச் செலவு அவர் கூலியிலிருந்தே போகிறது, ஆனால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணினி எவ்வளவு உதவும்?

உடல் அளவைக் கொடுத்தால் அதற்கென்றே பேட்டர்ன் வரையும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கட்டணமில்லாத ஃப்ரீசூயிங் அவற்றில் ஒன்று. தன் வரைவுகளின் உறுதியைச் சோதிக்க அது மனித அளவுகளோடு நிற்பதில்லை. பொம்மை அளவும் பூத அளவும் கொடுத்து, கோடுகள் எங்கே சிதைகின்றன என்று பார்க்கிறது. மேலே வாய்பாட்டில் கண்ட ஓரத்துச் சோதனையின் முழு வடிவம் இது. கொரியாவின் க்ளோ போன்ற முப்பரிமாணச் செயலிகள் திரையில் உள்ள உடம்புக்குத் துணி உடுத்திக் காட்டுகின்றன. துணி வீணாகாது, இறுக்கமான இடங்கள் நிறத்தில் தெரியும்.

இவற்றின் எல்லையும் தெளிவு. திரை உடம்புக்கு வியர்க்காது, அது மோட்டார் சைக்கிள் ஓட்டாது, தளர்ந்த சதை உட்காரும்போது எப்படி விரியும் என்பதை ஒப்புக்குத்தான் காட்டும். தாள் சோதனைக்கு மாற்றாகக் கணினியை நம்பலாம். உடுத்திப் பார்ப்பதற்கு மாற்றாக நம்ப முடியாது.

மாசாய்க்கு எது பொருந்தும்?

இத்தனை முறைகளையும் ஒரே வீட்டுத் தையல் அறையில் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. நேரமும் காசும் குறைவு என்றால் மூன்றை மட்டும் விடாமல் செய்யலாம்: தாளை அளந்து சரிபார்ப்பது, இடுப்புக்கு மேல் மட்டும் பெலாச்சில் டிரையல் போடுவது, துணித் துண்டைத் துவைத்துப் பார்ப்பது. கவுனில் தவறுகளில் பெரும்பகுதி ஷோல்டர், மார்பு, ஆர்ம்ஹோல் மூன்றிலும் இருப்பதால், அடிவரை டிரையல் போடுவது பெரும்பாலும் துணிச் செலவுதான். புதிய பேட்டர்னில் பக்கத்தையலுக்கு 1.5 செ.மீ.க்குப் பதில் ரவிக்கைக்கு விடுவதுபோல ஓர் அங்குலம் விட்டு வெட்டுவது நம் மரபு தரும் இலவசக் காப்பீடு. தாள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நாம் விடலாம்.

மீதி வேலை பதிவு. நல்ல தையற்காரர் ஒருவர் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான உடம்புகளுக்குத் திருத்தம் செய்கிறார். எவர் தோள் குறுகல், எவருக்கு மேற்கை பருமன், எந்த வயதுக்குப் பின் முதுகு வளைந்து பின்பக்க நீளம் கூடுகிறது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அளவு நோட்டில் எழுதப்படுவதோ மார்பு, இடுப்பு, நீளம் மட்டும். "தாளில் என்ன இருந்தது, நான் எவ்வளவு மாற்றினேன்" என்ற வரி எழுதப்படுவதில்லை. அவர் தையலை விட்டதும் அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அளவு ரவிக்கை ஒருத்தியின் உடம்பை நினைவில் வைத்திருக்கும். ஊரின் உடம்பை அது சொல்லாது.

ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை என்று வைத்து உயரம், மேல்மார்பு, முழுமார்பு, ஷோல்டர், மேற்கைச் சுற்று ஆகிய ஐந்தையும், எடுத்த பேட்டர்ன் அளவையும், செய்த திருத்தத்தையும் எழுதினால் போதும். பெயர் தேவையில்லை. ஒரே டாப்ஸ் பேட்டர்னை நான்கைந்து தையற்காரர்கள் தங்களுக்குள் பகிர்ந்து தைத்து, அட்டைகளைச் சேர்த்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் திருத்தம் தானே கண்ணில் படும். முப்பது அட்டைகளில் இருபதில் ஷோல்டரை ஒரே அளவு குறைத்திருந்தால், அதைத் தனித் திருத்தம் என்று சொல்வதில் பொருளில்லை; அந்த ஊருக்கான அடிப்படை வரைவே அதுதான். சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலத் தையல் வகுப்பு, கோயில் மகளிர் குழு, பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று இதற்கு ஏற்ற இடங்கள் மலேசியத் தமிழர்களிடையே உண்டு. ஆய்வுக்கூடமோ ஸ்கேனரோ வேண்டாம்.

1941-ன் அமெரிக்க அறிக்கை 15,000 பேரை அளந்தும் பலரை வெளியே விட்டது. ஓர் ஊர் தன் முப்பது பேரை நேர்மையாக அளந்தால் அந்த ஊருக்கு அதைவிடப் பயன் உண்டு. இனிப் புதிய பேட்டர்ன் ஒன்று கையில் கிடைத்தால், "இது நல்ல பேட்டர்னா?" என்பதற்கு முன் கேட்க வேண்டியது, "இதை யார் உடம்பில் பார்த்தார்கள்?" என்பதுதான். விற்பவர் அதற்கு விடை சொல்லவில்லை என்றால், அந்தப் பேட்டர்னை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெலாச்சில் தொடங்கிச் செய்த திருத்தத்தை அட்டையில் எழுதிவைப்பதே புத்திசாலித்தனம்.